ஒரு லட்சத்து இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொன்பது மீன்கள்

கருவேலன்குறிச்சிக் கண்மாயில் தண்ணீர் வற்றி, வண்டல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் ஓணான்கள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்த கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது கண்மாய் நிறைய மீன் வந்திருந்தது. தண்ணீர் வரவில்லை, மீன் மட்டும்தான் வந்தது. கெண்டையும் கெளுத்தியும் விராலும் அயிரையுமாக, முன்னொரு காலத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றதோ அந்த மட்டம் வரைக்கும் வெறுங்காற்றில் செவுளைத் திறந்து மூடிக்கொண்டு, கருவேலங்கிளைக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டு, மடைக்கல்லைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து யாரும் மயக்கம் போட்டு விழவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. "மீன் வந்திருச்சுப்பா, கூறு என்னைக்கு?" என்றுதான் கேட்டார்கள். வானம் இடிந்து விழுந்தாலும் யாருக்கு எத்தனை துண்டு என்று கேட்டுவிட்டுத்தான் அந்த ஊர்க்காரர்கள் தலையைத் தடவிப் பார்ப்பார்கள்.

கண்மாய் மீன் ஊர்ப்பொது. தனியாக ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் பிடித்துக் கரையில் குவித்து, ஊரில் எத்தனை தலைக்கட்டோ அத்தனை கூறாகச் சமமாகப் பிரித்து, ஊர்த்தலைமை பார்க்கிற அம்பலம் சோணைமுத்து ஒவ்வொரு வீட்டுக்காரன் பேரையும் உரக்கக் கூப்பிடுவார். அந்த வீடு "இருக்கோம்!" என்று குரல் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் கூறு. தலைக்கட்டு என்றால் பொண்டாட்டியோடு தனி உலை வைத்துக் குடித்தனம் நடத்தும் ஆம்பளை. அவன் செத்துப்போனால் அந்த வீட்டுக் கூரை நிற்கும், அடுப்பு எரியும், வயிறு பசிக்கும், தலைக்கட்டு மட்டும் இருக்காது. அப்படி ஊரில் நூற்றெண்பத்தேழு தலைக்கட்டு. கூறு போட்டு மிஞ்சினதை அம்பலம் "மீதி கிழக்கே!" என்று கை காட்டுவார். கிழக்குக் கரையில் கூடையோடு நிற்கும் காலனிச் சனங்கள் அதைப் பொறுக்கிக்கொள்வார்கள். கண்மாயில் வண்டல் வெட்டுவது அவர்கள், மடை அடைப்பது அவர்கள், வெள்ளம் வந்தால் கரையில் மணல்மூட்டை அடுக்கி ராப்பகலாய்க் காவல் கிடப்பதும் அவர்கள். மீன் என்று வந்தால் மீதி. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று பழமொழி வேறு சொல்லிக்கொள்வார்கள், கேட்டால் காது கூசும்.

வெள்ளத்தாயிக்கு அந்த மீதியின் ருசி தெரியும். அவள் வீடு ஊரின் கிழக்கு ஓரத்தில், காலனிக்கும் ஊருக்கும் நடுவில் ஓடுகிற முள்வேலியை ஒட்டி இருந்தது. புருசன் நல்லமாயன் மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்த வருசம், அவன் பேரைச் சொல்லி அம்பலம் கூப்பிட்டபோது, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்று "இருக்கோம்!" என்று சத்தம் கொடுத்தாள். சோணைமுத்து காதுக்குக் கையை வைத்து, "ஆம்பளக் குரல் ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார். ஊரே கொல்லென்று சிரித்தது. அவளுக்கு வைத்திருந்த கூறைக் கலைத்து மற்றக் கூறுகளில் சேர்த்தார்கள். அன்றைக்கு அவள் வெறும் ஓலைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது கண்ணீர் வரவில்லை, வயிறு எரிந்தது. அது அதற்குப் பிறகு அணையவே இல்லை. சாவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊர் முன்னால் தன் வீட்டை வீடு என்று கூப்பிட வைக்க வேண்டும், இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் மீதி பொறுக்குகிற நாட்களில் அவளும் கிழக்குக் கரைக்குப் போனாள். போனாலும் காலனிச் சனத்தோடு சேர்ந்து நிற்க மாட்டாள், பத்தடி தள்ளித்தான் நிற்பாள். காலனியில் சடைச்சி என்று ஒரு மூத்தவள், அகலமான முதுகும் அதைவிட அகலமான வாயும் உள்ளவள், தான் பொறுக்கினதில் ஒரு கை அள்ளி, "இந்தாங்க ஆத்தா" என்று அவள் பக்கம் வைப்பாள். வெள்ளத்தாயி அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் எடுப்பாள். சடைச்சி அதைப் பார்ப்பாள். பசியிலும் இவளுக்குத் தெளிக்கத் தண்ணீர் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, மீன் கதைக்கு வருவோம். ஊர் திரண்டு கண்மாய்க்குள் இறங்கி, வேட்டியாலும் கூடையாலும் கொசுவலையாலும் காற்றைத் துழாவித் துழாவி மீனை எல்லாம் பிடித்துக் கரையில் குவித்தது. மீன்களும் முரண்டு பண்ணாமல் வந்து அடங்கிக் கிடந்தன. எண்ணினார்கள். வடக்குத்தெரு எண்ணினதை நம்பாமல் தெற்குத்தெரு எண்ணியது, தெற்குத்தெரு எண்ணினதை நம்பாமல் வடக்குத்தெரு திரும்ப எண்ணியது, இரண்டு தெருவும் ஒருத்தர் கையை ஒருத்தர் முறைத்துக்கொண்டு சேர்ந்தும் எண்ணின. எப்படி எண்ணினாலும் ஒரு லட்சத்து இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொன்பது. வீட்டுக்கு ஐந்நூற்று நாற்பத்தெட்டு விழுந்தது, நூற்றெண்பத்து மூன்று மிஞ்சியது. இன்னும் நாலே நாலு மீன் இருந்திருந்தால் வீட்டுக்கு ஒன்று கூடக் கிடைத்திருக்கும் என்று ஊர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தபோது, அம்பலம் வழக்கம்போல "மீதி கிழக்கே!" என்றார். சொன்ன வாய் மூடவில்லை, மிஞ்சிக் கிடந்த மீன்கள் வாலை ஒரு உதறு உதறி எழுந்தன, அதைப் பார்த்து மற்றக் கூறுகளும் எழுந்தன, கட்டின மூட்டைக்குள்ளிருந்து, மூடின கூடைக்குள்ளிருந்து, அவசரக்காரி ஒருத்தி அதற்குள் மஞ்சள் தடவி வைத்திருந்த சட்டிக்குள்ளிருந்தும் எழுந்து, வரிசையாகத் திரும்பிப் போய்க் கண்மாய்க்குள் நீந்த ஆரம்பித்தன. மஞ்சள் தடவின மீன் மட்டும் மஞ்சளாகவே நீந்தியது.

மறுநாள் டவுன் சந்தையிலிருந்து நாலு மீன் வாங்கிவந்து கலந்து பார்த்தார்கள். கண்மாய் மீன் அத்தனையும் எழுந்து போய்விட்டது, சந்தை மீன் நாலும் கிடந்து நாறிப் பூனைக்குப் போனது. ஒரே ஒரு மீனைக் கமுக்கமாக வறுத்துத் தின்று கணக்கைக் குறைக்கப் பார்த்தான் தெற்குத்தெரு மொக்கையன். அது வாணலியில் ஒரு பக்கம் சிவந்ததும் குதித்து, ஜன்னல் வழியாக வெளியேறி, போகிற போக்கில் அவன் மூக்கில் எண்ணெய் தெறித்துவிட்டுப் போனது. மீன்வளத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார், கரையில் நின்று மேலும் கீழும் பார்த்தார், "தண்ணி இல்லாத மீனுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெல்ல மெல்ல ஊருக்கு அது பழகிப்போனது. ஆடு மேய்க்கிறவர்கள் விரால் நிழலில் ஒதுங்கினார்கள், துணி காயப்போடுகிறவர்கள் கெளுத்தி முள்ளில் சேலை மாட்டிக் கிழிந்தால் கெளுத்தியைத் திட்டினார்கள், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் கவுச்சி நாற்றத்தைப் பற்றிப் பேசாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பழகாதது பசி ஒன்றுதான். கண்ணுக்கு எதிரே லட்சம் மீன் நீந்த, ஊர் ரேஷன் அரிசியை வெறும் மிளகாயோடு தின்றது.

அப்புறம்தான் பக்கத்து டவுன் மேல்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார் அருமைநாயகத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் கரையில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் எழுதினார், ஊர் சுற்றி உட்கார்ந்து ஜல்லிக்கட்டு பார்ப்பதுபோலப் பார்த்தது. "ஒத்தப்படை, ரெண்டால போகாது. இலக்கத்தக் கூட்டினா இருபத்து மூணு, மூணாலயும் போகாது. கடைசியில அஞ்சும் இல்ல, சைபரும் இல்ல." ஒவ்வொரு எண்ணாக மோதி மோதி விழுந்தது. ஏழு விழுந்தது, பதினொன்று விழுந்தது, பதின்மூன்று விழுந்தது. "முந்நூத்தி இருபதுக்கு மேல தேட வேண்டியதில்லைய்யா. ரெண்டு எண்ணப் பெருக்கி இது வரணும்னா, ரெண்டுல ஒண்ணு அதுக்குக் கீழதான் இருந்தாகணும்" என்றார். டீயை உறிஞ்சிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏறிக்கொண்டே போனவர், வெயில் தாழும் நேரத்தில் குச்சியைக் கீழே போட்டார்.

"மாட்டிக்கிச்சு. இருநூத்தி ஐம்பத்தொண்ணால போகும். போனா நானூத்தி ஒன்பது. இந்த ரெண்டுமே பகா எண், மேற்கொண்டு உடைக்க முடியாது. ஆக இந்த எண்ணுக்கு இருக்கிறது நாலே வழி."

"என்னென்ன வழி சார்?" என்றார் அம்பலம்.

"இருநூத்தி ஐம்பத்தோரு வீடு இருந்தா வீட்டுக்கு நானூத்தி ஒன்பது மீன். நானூத்தி ஒன்பது வீடு இருந்தா வீட்டுக்கு இருநூத்தி ஐம்பத்தொண்ணு. லட்சத்துச் சொச்சம் வீடு இருந்தா வீட்டுக்கு ஒண்ணு. அதுவும் இல்லையா, ஊரே ஒரே வீடா நினைச்சு ஒரே உலையில போட்டு ஆக்கிச் சாப்பிடுங்க. ஒண்ணால போகாத எண் உலகத்துலயே கிடையாது."

"ஒரே உலையா?" வடக்குத்தெருக்காரன் ஒருத்தன் காறித் துப்பினான். "தெக்குத்தெரு கைபட்ட கரண்டிய எங்க வீட்டு நாய்கூட நக்காது." தெற்குத்தெரு சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றியது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வாத்தியார் பாவம், உலகம் அறியாத மனுசன். "சரி, ஊர்ல மொத்தம் எத்தன அடுப்பு எரியுது?" என்று கேட்டார்.

கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மனசுக்குள் அந்தக் கணக்கை முடித்திருந்தார்கள். தலைக்கட்டு நூற்றெண்பத்தேழு. காலனியில் அடுப்பு அறுபத்து மூன்று. வேலியோரத்தில் வெள்ளத்தாயி அடுப்பு ஒன்று. கூட்டினால் இருநூற்று ஐம்பத்தொன்று, மீன் முள் அளவுக்குக்கூட ஏறாமல் இறங்காமல். எல்லோருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று கேட்டிருப்பீர்கள், அன்றைக்கு ஒரு ஊரே சேர்ந்து மறைத்தது. தூரத்தில் நின்ற வெள்ளத்தாயியும் கணக்குப் போட்டாள். அந்த அறுபத்து மூன்றை விட்டுவிட்டுத் தன் ஒன்றை மட்டும் சேர்க்க வழி இருக்காதா என்றுதான் அவள் மனசு முதலில் ஓடியது. வாத்தியார் இன்னொரு டீயைக் குடித்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

சோணைமுத்து அம்பலம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்களைச் சேர்க்காமல் வீட்டைச் சேர்ப்பது. கூட்டுக்குடித்தனமாக இருக்கிற அண்ணன் தம்பிகளைப் பிரித்து, அப்பன் மகனைப் பிரித்து, ஆளுக்கொரு உலை வைக்கச் சொன்னால் தலைக்கட்டு தன்னால் ஏறும் அல்லவா? வேண்டியது அறுபத்து நாலு. அன்றையிலிருந்து ஊரில் சுவர் முளைக்க ஆரம்பித்தது. கூடத்துக்கு நடுவில் சுவர், மாட்டுத்தொழுவத்துக்கு நடுவில் சுவர், ஒரு வீட்டில் சாமிமாடத்துக்கு நடுவிலேயே சுவர் எழும்பி, பிள்ளையாரின் தும்பிக்கை அண்ணனுக்கும் வயிறு தம்பிக்கும் போனது. முதலில் ஒப்புக்குத்தான் பிரிந்தார்கள், "மீனுக்காகத்தானே, கூறு முடிஞ்சதும் சுவத்தத் தட்டிருவோம்" என்றார்கள். சுவர் எழும்பின பிறகு அம்மியை யார் எடுப்பது என்று வந்தது, ஆட்டுக்கல் யாருக்கு என்று வந்தது, உன் பொண்டாட்டி எங்கம்மாவைப் பார்த்து அன்றைக்கு என்ன சொன்னாள் என்று பத்து வருசத்துப் பழைய பேச்செல்லாம் எழுந்து வந்தது. ஒன்றாய்த் தின்றவர்கள் வேலிக்கல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டார்கள். மூக்கை அறுத்துச் சகுனத்தடை செய்கிறவனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இந்த ஊர் அறுபத்து மூன்று மூக்கை அறுத்தது.

அம்பலம் வீட்டிலும் சுவர் எழும்பியது. தம்பி சின்னாண்டியைப் பிரித்துவிட்டதில் கிணறு அண்ணன் பக்கம் போய்விட்டது. சின்னாண்டி பொண்டாட்டி தங்கப்பேச்சி, அந்தக் கிணற்றில் பதினாறு வயசிலிருந்து தண்ணீர் இறைத்தவள், தெருமுனைக் குழாயில் குடத்தோடு நிற்க வேண்டி வந்தது. "உங்கண்ணன் நாசமாப் போக. அந்தச் சுவத்த நான் ஒரு நாள் இடிக்கல, எம்பேரு தங்கப்பேச்சி இல்ல" என்று குழாயடியில் நின்று கத்துவாள். கேட்கிறவர்கள் குடத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லா வீட்டையும் பிளந்து முடித்தபோது தலைக்கட்டு இருநூற்று ஐம்பது. ஒன்று குறைந்தது. பிரிக்க இனி ஒரு ஜோடி மிச்சமில்லை. கல்யாணம் ஒன்று முடித்தால் போதும்தான், மாப்பிள்ளையும் தயார்தான், ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எவன் பொண்ணு கொடுப்பான்? ஆவணி வரைக்கும் பொறுக்க ஊருக்கு வயிறு இல்லை. அப்போதுதான், ஒரு மத்தியானத்தில், சோணைமுத்து அம்பலம் துண்டால் முகத்தை விசிறிக்கொண்டு வேலியோர வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏ, நல்லமாயன் பொண்டாட்டி, உள்ள இருக்கியா?"

வெள்ளத்தாயி வெளியே வந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"நாளைக்குக் கூறு. உன் வீட்டையும் தலைக்கட்டாச் சேத்துக்கலாம்னு ஊர்ல பேச்சு. உனக்கும் நானூத்தி ஒன்பது மீன்" என்றார் அம்பலம்.

"அன்னைக்கு எங் குரலு உங்க காதுல விழுகலயே கொழுந்தனாரே. இப்பக் காது சரியாப் போச்சாக்கும்?"

"பழசப் பேசாத. வாரியா, இல்லையா?"

இத்தனை வருசம் எரிந்த அவள் வயிற்றில் யாரோ தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது, அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த கையைக் கடிக்க வேண்டும்போலவும் இருந்தது. "வாரேன்" என்றாள். "ஆனா செத்த மனுசன் பேருல கூப்பிட்டா வர மாட்டேன். எம்பேரச் சொல்லிக் கூப்பிடணும். ஊரு முன்னால, உங்க வாயால."

"பொம்பள பேரச் சொல்லிக் கூறு கூப்பிட்ட வழக்கம் இந்த மண்ணுல இல்ல."

"காத்துல மீன் நீந்துற வழக்கம் மட்டும் இருந்துச்சாக்கும்?"

சோணைமுத்து பல்லைக் கடித்தார். கடித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் சடைச்சி சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் கேட்டிருப்பாள். "மகராசியா வாங்கிட்டு வாங்க ஆத்தா" என்றாள். பிறகு சுள்ளியைக் கட்டிக்கொண்டே, "இருநூத்தி ஐம்பத்தொண்ணுன்னா மீதியே விழாதாமுல்ல" என்றாள். வெள்ளத்தாயி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கரையில் இருநூற்று ஐம்பத்தொரு ஓலைப்பாய் விரித்து, பாய்க்கு நானூற்று ஒன்பதாக மீன் குவிந்தது. எண்ணி முடித்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மீன்கள் அசையவில்லை, ஒரு வால்கூட உதறவில்லை, மஞ்சள் மீன்கூட அம்பலத்தின் கூறில் சாதுவாகக் கிடந்தது. கிழக்குக் கரையில் காலனிச் சனம் வழக்கம்போலக் கூடையோடு வந்து நின்றது. மீதி இல்லை என்று தெரிந்தும் வந்து நின்றது, சும்மா பார்க்க.

அம்பலம் கூப்பிட ஆரம்பித்தார். வடக்குத்தெரு, தெற்குத்தெரு, மேலத்தெரு. "இருக்கோம்! இருக்கோம்! இருக்கோம்!" புதுசாய்ப் பிரிந்த வீடுகள் எல்லாவற்றையும்விடச் சத்தமாய்க் கத்தின, அண்ணன் கத்தினதைவிட ஒரு படி உரக்கத் தம்பி கத்தினான். கடைசிப் பாய் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் வெளுத்த சேலை கட்டி வெள்ளத்தாயி நின்றாள்.

சோணைமுத்து தொண்டையைக் கனைத்தார். "வெள்ளத்தாயி வீடு!"

அவள் கேட்டுவிட்டாள். ஊர் மொத்தமும் கேட்டது. அந்த ஒரு சத்தத்துக்காக அவள் எத்தனை வருசம் காதைத் தீட்டி வைத்திருந்தாளோ, அந்தத் தீட்டின காதில்தான், அம்பலம் பக்கத்தில் நின்ற தம்பியிடம் குனிந்து சொன்னதும் விழுந்தது. "ஆவணியில ஒரு தாலியக் கட்டிவிட்டா இந்தச் சனியன் தேவையில்ல."

அவள் வாயைத் திறந்தாள். எதிர்க்கரையில் சடைச்சி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நிரப்ப ஒன்றும் இல்லாத கூடையை வேறு என்ன செய்வது? தான் இந்த வருசத்துக்கு மட்டும் ஓட்டை அடைக்கிற துணி என்பது வெள்ளத்தாயிக்கு அப்போது புரிந்தது. அடைத்து முடிந்ததும் துணியைத் தூக்கி எறிவார்கள், எறிந்தால் அது போய் விழுகிற இடமும் கிழக்குக் கரைதான். அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இருக்கோம்!" என்றாள். "அறுபத்து நாலு வீடு இருக்கோம்!"

மீன்கள் உதறின. பாய்ப் பாயாக, கூறு கூறாக எழுந்தன, மஞ்சள் மீன் அம்பலத்தின் தோளை உரசிக்கொண்டு எழுந்தது. ஊர் கூவியது. "அடி பாவி! தேவிடியா! கைக்கு எட்டினத வாய்க்கு எட்டவிடாமப் பண்ணிட்டாளே!" மண்கட்டி ஒன்று அவள் முதுகில் விழுந்தது, இன்னொன்று காதோரம் பறந்தது. வெள்ளத்தாயி திரும்பிப் பார்க்காமல் கண்மாய்க்குள் இறங்கிக் கிழக்குக் கரைக்கு நடந்தாள். அங்கே தன்னைக் கட்டிப்பிடிப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தால் அது அவள் தப்பு.

சடைச்சி கூடையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "யாரு உன்னக் கேட்டா?" என்றாள். ஆத்தாவும் இல்லை, நீங்களும் இல்லை. "எங்களுக்கு வாயி இல்லையா? அந்தாளு எங்க பேரக் கூப்பிட்டானா, நாங்க இருக்கோம்னு நீ சொல்ல? அவன் ஓட்டைய அடைக்க உன்ன வச்சான், நீ அவன எரிக்க எங்கள வச்ச. எங்கை தொட்ட மீனுல தண்ணி தெளிச்சவதான் நீயி. மறந்திருவேன்னு நினைச்சியா வெள்ளத்தாயி?"

வெள்ளத்தாயிக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பின்னால் ஊர் திட்டிக்கொண்டிருந்தது, முன்னால் அறுபத்து மூன்று வீட்டுச் சனம் அவளை முறைத்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள், எந்தப் பக்கமும் ஒரு பாய் விரிக்க இடமில்லாமல். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தோடேயே அவள் நிமிர்ந்து, அம்பலம் கூப்பிடுகிற அதே ராகத்தில், அம்பலத்தைவிட உரக்கக் கூப்பிட்டாள்.

"சடைச்சி வீடு!"

சடைச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தாள். "இருக்கோம்" என்றாள். கத்தவில்லை, ஆனால் கரையெல்லாம் கேட்டது.

எழுந்துகொண்டிருந்த மீன்கள் நின்றன. பாய்க்கும் கண்மாய்க்கும் நடுவில், மனுசர் இடுப்பு உயரத்தில், போகவும் போகாமல் விழவும் விழாமல் அப்படியே நின்றன.

"ம், நிப்பாட்டிட்டியே. அடுத்த வீடு?" என்றாள் சடைச்சி.

வெள்ளத்தாயிக்கு அடுத்த வீட்டுக்காரியின் முகம் தெரியும். அவள் இருமல் தெரியும், அவள் வீட்டுச் சேவல் எத்தனை மணிக்குக் கூவும் என்பதும் தெரியும். பேர் தெரியாது.

"தெரியாது இல்ல? வேலிக்கு அந்தப் பக்கம்தான் இத்தன காலமா இருந்த."

"தெரியாது" என்றாள் வெள்ளத்தாயி. "அவுகளே சொல்லட்டும். நான் கூப்பிடுறேன்."

இருமல்காரி முன்னால் வந்து, கோபம் மாறாத முகத்தோடு தன் பேரைச் சொன்னாள். "மொச்சக்கண்ணி வீடு!" என்று கூப்பிட்டாள் வெள்ளத்தாயி. "இருக்கோம்!" அடுத்தவர் வந்தார். "பிச்சைமணி வீடு!" "இருக்கோம்!" ஒவ்வொருத்தராக வந்து பேரைச் சொல்லிவிட்டு, கொடுத்த பேரை அவள் ஒழுங்காகச் சொல்கிறாளா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். மேற்குக் கரையில் ஊர் மெல்ல மெல்லத் திட்டுவதை நிறுத்தியது, ஏனென்றால் திட்டுகிற ஒவ்வொருத்தனும் மறுபடி மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தான். அந்தக் கரையில் இப்போது அறுபத்து நாலு. இந்தக் கரையில் இருநூற்று ஐம்பது. கூட்டினால் முந்நூற்றுப் பதினாலு, அதால் போகாது. இந்தக் கரை நூற்றெண்பத்தேழாக இறங்கினால் போகும். இறங்க வேண்டுமானால் அறுபத்து மூன்று சுவர் விழ வேண்டும். அந்தரத்தில் லட்சம் மீன்கள் செவுளைத் திறந்து மூடிக்கொண்டு காத்திருந்தன, அவற்றுக்கு நியாயம் தெரியாது, வகுபடத்தான் தெரியும்.

"யாராவது சுவத்துல கை வச்சீங்க, ஊரவிட்டுத் தள்ளி வச்சிருவேன்" என்றார் சோணைமுத்து அம்பலம்.

அந்த நேரத்தில் ஊருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. கடப்பாரை மண்சுவரில் இறங்குகிற சத்தம், தொம் என்று ஒன்று, தொம் என்று இன்னொன்று, நடுநடுவே நாசமாப் போக, நாசமாப் போக என்று ஒரு பொம்பளையின் வசவு. கிணற்றடிப் பக்கமாக இருந்துதான் வந்தது. அது யார் வீட்டுச் சுவர் என்று கரையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளத்தாயி முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்தாற்போல் வந்து நின்றவரிடம் பேர் என்ன என்று கேட்டாள்.